மிதிவண்டியும் அனுமதிச் சீட்டும்
ஜப்பானிய நாட்டுப்புற வழிகளில் அயலார்

வழி நடப்பவனுக்கே உரியது என்று கவிஞர் பாடுவர். அரசுகள் அவ்வாறு எண்ணியதில்லை. யார் செல்லலாம், எவ்வளவு தொலைவு செல்லலாம், எதற்காகச் செல்லலாம் என்னும் மூன்று வினாக்களை வழியின் குறுக்கே நின்று கேட்பது ஆட்சியின் இயல்பு. ஜப்பானிய நாட்டுப்புறத்தை மிதிவண்டியில் சுற்றிவந்த அயல்நாட்டாரின் வரலாறு இம்மூன்று வினாக்களின் வரலாறாகவே அமைந்துள்ளது. இன்று அந்நாட்டின் நெல்வயல்களினூடே வெளிநாட்டார் ஒருவர் மிதிவண்டியில் செல்வது வியப்புக்குரிய காட்சியன்று. ஆனால் அக்காட்சி இயல்பாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. வழிகள் முழுவதும் திறந்தபோது, அவற்றின் இருமருங்கும் இருந்த ஊர்கள் காலியாகத் தொடங்கியிருந்தன. இந்த முரணை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவல் வாயில்கள்

தொகுகாவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) ஜப்பானியரே தம் நாட்டில் விருப்பம்போல் நடமாட இயலவில்லை. பெருவழிகளில் 'செகிஷோ' எனப்பட்ட காவல் வாயில்கள் இருந்தன. எடோ நகருக்குள் துப்பாக்கி நுழையாமலும், அங்கே பிணையாக வைக்கப்பட்டிருந்த சிற்றரசர்களின் மனைவியர் வெளியேறாமலும் பார்த்துக்கொள்வது இவ்வாயில்களின் முதற்பணி. வழிப்போக்கர் பொதுவாகச் சீட்டுக் காட்டியே கடக்க வேண்டும்.

1689ஆம் ஆண்டு, மாணாக்கர் சோராவுடன் வடநாடு நோக்கி நடந்த கவிஞர் பாஷோவும் இதற்கு விலக்கல்லர். வழிப்போக்கர் அருகிய ஷிதோமாயே வாயிலில் காவலர் தம்மை ஐயுற்றதையும், அரும்பாடுபட்டுக் கடந்ததையும் அவர் தம் பயண நூலில் குறித்துள்ளார். உலகம் போற்றும் கவிதைப் பயணங்களுள் ஒன்று, ஒரு காவலரின் ஐயப் பார்வைக்குத் தப்பியே முன்னேறியது என்பது நினைக்கத் தக்கது.

மெய்ஜி அரசு 1869இல் இவ்வாயில்களை ஒழித்தது. உள்நாட்டாருக்கு வழி திறந்தது. அயல்நாட்டாருக்கோ வேறொரு வேலி எழுந்திருந்தது.

பத்து ரி

1858ஆம் ஆண்டின் ஒப்பந்தங்கள் சில துறைமுகங்களை வெளிநாட்டாருக்குத் திறந்துவிட்டன. அங்கே குடியிருந்தோர் நாற்புறமும் பத்து 'ரி' வரை உலவலாம் என்பது பொதுவிதி. ஒரு ரி ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர், ஆகவே பத்து ரி என்பது நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. யோகோஹாமாவில் வாழ்ந்தவருக்கு எடோவின் திசையில் அந்த உரிமையும் முழுமையாக இல்லை. ரொக்குகோ ஆறே அவரது எல்லை. நல்ல சாலையில் மிதிவண்டிக்காரர் ஒருவர் காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் எட்டிவிடக்கூடிய தொலைவுதான் அந்தப் பத்து ரி. அதற்கப்பால் இருந்த மலையும் வயலும் அவருக்கு வானத்து நிலவு போன்றவை.

1870களின் நடுவில் உள்நாட்டுப் பயணச் சீட்டு முறை வந்தது. உடல்நலம், தாவர ஆராய்ச்சி, அறிவியல் ஆய்வு ஆகிய காரணங்களுக்காகவே அச்சீட்டுக் கோரலாம். 1878இல் தோக்கியோவிலிருந்து வடக்கே ஹொக்கைதோ வரை சென்ற ஆங்கிலப் பெண்மணி இசபெல்லா பேர்ட், அச்சீட்டின் விதிகளைத் தம் நூலில் தொகுத்துரைக்கிறார். காட்டில் தீ மூட்டலாகாது. தீ விபத்து நிகழும் இடத்துக்குக் குதிரைமேல் செல்லலாகாது. வயல்களில் அத்துமீறி நுழையலாகாது. கோயிற் சுவர்களில் கிறுக்கலாகாது. குறுகிய சாலையில் விரைவாக வண்டி ஓட்டலாகாது. வணிகம் செய்வதும், பயணத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் வீடோ அறையோ வாடகைக்கு எடுப்பதும் கூடா.

இவ்விதிகளை நகைப்புக்குரியவை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஒப்பந்தங்களின்படி வெளிநாட்டார் ஜப்பானிய நீதிமன்றத்துக்குக் கட்டுப்படாதிருந்த காலம் அது. தன் சட்டத்துக்கு அடங்காத மனிதரை உள்நாட்டில் உலவவிட ஓர் அரசு தயங்கியதில் நியாயம் இருந்தது. சீட்டு என்பது அச்சத்தின் அடையாளம் மட்டுமன்று; இழந்த தன்மதிப்பின் அடையாளமுமாகும். ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டு 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டார் ஜப்பானியச் சட்டத்தின்கீழ் வந்தனர். பயணச் சீட்டு முறையும் உடன் மறைந்தது. ஒருவரை வழக்குமன்றத்தில் நிறுத்த முடியும் என்ற நிலை வந்த பின்னரே அவரை வழியில் விட முடிந்தது.

உயர்ந்த சக்கரத்தில் ஒருவர்

சீட்டுக் காலம் முடிவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மிதிவண்டி ஜப்பானை நெடுகக் கடந்துவிட்டது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாமஸ் ஸ்டீவன்ஸ், 1884ஆம் ஆண்டு ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். முன்சக்கரம் ஐம்பது அங்குல விட்டமும் பின்சக்கரம் சிறு உருளை அளவும் கொண்ட பழைய வகை வண்டி அவருடையது. ஐரோப்பாவையும் பாரசீகத்தையும் கடந்து, 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை இந்தியப் பெருவழியில் உருண்டு, சீனத்தில் கூட்டத்தின் கல்லடிக்குத் தப்பி, நாகசாகியில் வந்து இறங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள் யோகோஹாமாவில் அவரது உலகப் பயணம் நிறைவுற்றது. மிதித்தே கடந்த தொலைவு ஏறத்தாழ 13,500 மைல் என்பது அவர் கணக்கு.

உயர்ந்த சக்கரத்தின்மேல் அமர்ந்தவருக்கு வேலியும் மதிலும் மறைப்பதில்லை. வயலும் முற்றமும் தெரியும். ஆனால் சிறு கல் ஒன்று தடுத்தாலும் தலைகுப்புற விழ வேண்டியதுதான். பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்னும் இரு நிலையும் அவ்வண்டியில் ஒன்றாகிவிட்டன. ஊரார் கண்டது ஒரு மனிதரையன்று, ஒரு காட்சியை. ஸ்டீவன்ஸும் ஊர்களைக் கண்டார். ஊராரை அறிய அவருக்கு நேரமிருக்கவில்லை. கடந்து செல்பவருக்கும் தங்கி வாழ்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தங்கி வாழும் வாய்ப்பு அக்காலத்தில் ஒரு சாராருக்கு மட்டுமே கிட்டியது. ஜப்பானிய அரசோ பள்ளியோ பணிக்கு அமர்த்தியவர், அப்பணியின் பொருட்டு உள்நாட்டில் வாழலாம். 1890இல் மாத்சுயே என்னும் ஊருக்கு ஆங்கில ஆசிரியராகச் சென்ற லாஃப்காடியோ ஹெர்ன் அவ்வாறு வாழ்ந்தவர். நாட்டுப்புற ஜப்பானை மேலைநாட்டுக்கு எழுத்தில் காட்டியவருள் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நூறாண்டு கழித்து அதே வாயில் மீண்டும் திறக்கப் போகிறது.

துப்பாக்கிக் கொல்லரும் சக்கரமும்

மிதிவண்டியை ஜப்பானியர் 'ஜிதென்ஷா' என்பர். 'தானே சுழலும் வண்டி' என்பது அச்சொல்லின் எழுத்துப்பொருள். தமிழ் மிதிப்பவரின் காலைப் பெயரில் வைத்தது. ஜப்பானியம் சக்கரத்தின் சுழற்சியை வைத்தது. ஒரே பொருளை இரு மொழிகளும் இரு முனைகளிலிருந்து கண்டிருக்கின்றன.

1885இல் இங்கிலாந்தில் இரு சக்கரமும் ஏறத்தாழச் சமமான, சங்கிலியால் இயங்கும் வண்டி வந்தது. 1888இல் காற்றடைத்த டயர் வந்தது. ஜப்பானில் அதனைச் செய்யும் கைத்திறன் முன்பே காத்திருந்தது, துப்பாக்கிப் பட்டறைகளில். துப்பாக்கித் தொழிலகமாகத் தொடங்கிய மியாதா, வெளிநாட்டார் ஒருவர் தம் மிதிவண்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்ததை ஒட்டியே இத்தொழிலில் இறங்கியதாகச் சொல்லப்படுகிறது. குழல் துளைக்கத் தெரிந்தவர்க்குச் சட்டம் செய்வது அரிதன்று.

ஒசாகாவை அடுத்த சாகாய் நகரும் அவ்வாறே. முன்னாளில் துப்பாக்கியும் கத்தியும் செய்த கொல்லர் மரபு, மிதிவண்டி உறுப்புகளுக்கு மாறியது. 1921இல் ஷிமானோ தொழிலகம் அங்கேதான் தோன்றியது. பெண்ணின் வேட்கையை மறைக்காமல் பாடிய கவிஞர் யோசானோ அகிகோ பிறந்ததும் (1878) இந்நகரே. கவிதையும் சக்கரமும் பெண்ணுக்கு வெளியுலகைத் திறந்த காலம் அது. 1903இல் கொசுகி தெங்காய் எழுதிய நாளிதழ்த் தொடர்கதை, மிதிவண்டியில் வரும் மாணவி ஒருத்தியோடு தொடங்குகிறது. பின்னர் இசை நாடகத்தில் உலகப் புகழ்பெற்ற மியூரா தமாகி, இசைப் பள்ளிக்கு மிதிவண்டியில் சென்று தோக்கியோவின் கண்களைத் தம்பால் ஈர்த்தார்.

இலண்டனில் ஒரு ஜப்பானியர்

அயல்நாட்டில் மிதிவண்டி ஏறுவோரின் மனநிலையை நுட்பமாக எழுதியவர் ஒரு ஜப்பானியரே. அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்ற நத்சுமே சோசெகி, தனிமையாலும் மனச்சோர்வாலும் வாடினார். 1902ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், உடலும் உள்ளமும் தேற மிதிவண்டி பழகுமாறு பிறர் அவரைத் தூண்டினர். விழுந்தும் எழுந்தும் தெருவாரின் நகைப்புக்கு ஆளாகியும் பழகிய அனுபவத்தை, நாடு திரும்பிய பின் 'மிதிவண்டி நாட்குறிப்பு' என்னும் பொருள்படும் தலைப்பில் 1903இல் எழுதினார். ஹைக்கூ இதழாகிய 'ஹொதொதொகிசு' அதனை வெளியிட்டது.

தம்மைத் தாமே எள்ளி நகைக்கும் அக்கட்டுரைக்குள் ஒரு வலி உண்டு. அயல்மண்ணில் வண்டியிலிருந்து விழுபவர் தாம் மட்டும் விழுவதில்லை. தம் நாடே விழுவதாக உணர்கிறார். ஜப்பானிய வயல்வழியில் சறுக்கி விழுந்த வெளிநாட்டாரும், இலண்டன் தெருவில் விழுந்த சோசெகியும் இவ்வுணர்வில் உறவினர்.

ஊர் தந்த வண்டி

இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டாரின் நடமாட்டம் மீண்டும் ஒடுக்கப்பட்டது. பகைநாட்டார் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பிறருள் பலர் கருயிசாவா, ஹாகோனே முதலிய மலையூர்களுக்கு அனுப்பப்பட்டனர். போருக்குப்பின் வழி திறந்தது. ஆயினும் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தே தீர வேண்டியதாயிற்று. 1952ஆம் ஆண்டின் அயலார் பதிவுச் சட்டம் விரல்ரேகை கேட்டது. 1955இல் நடைமுறைக்கு வந்த அவ்வழக்கம், ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த கொரிய மக்களின் நெடும்போராட்டத்துக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டில்தான் முற்றும் நீங்கியது. குடியிருப்பு அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்கும் கடமை இன்றும் உண்டு. மிதிவண்டிக்கும் பதிவு எண் கட்டாயம். அவ்வெண்ணைச் சரிபார்க்க நிறுத்தும் காவலர், அட்டையையும் கேட்பார்.

1987இல் ஜப்பானிய அரசு, பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கத் துணைசெய்ய வெளிநாட்டு இளைஞரை வரவழைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். அவருள் பலர் மீன்பிடி ஊர்களுக்கும் மலையூர்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஹெர்னுக்குத் திறந்த வாயில் இப்போது நூற்றுக்கணக்கானோருக்குத் திறந்தது. பேருந்து அருகிய அவ்வூர்களில் பள்ளிக்கும் கடைக்கும் செல்ல அவர்களுக்குக் கைகொடுத்தது, முன்புறம் கூடை வைத்த எளிய மிதிவண்டி. முதலில் பள்ளிக்கு, பிறகு ஆற்றங்கரைக்கு, பிறகு மலைக்கணவாய்க்கு என்று அவ்வண்டிகளின் எல்லை விரிந்தது. அவர்களுக்குப் பத்து ரி விதி இல்லை. முழங்காலின் வலிமையே எல்லை.

மலையும் வயலும் கைகோக்கும் நிலப்பகுதியை ஜப்பானியர் 'சதோயாமா' என்பர். குறிஞ்சியும் மருதமும் ஒரே ஊருக்குள் சந்திப்பதாக நாம் அதனைப் பொருள்கொள்ளலாம். தொடர்வண்டியில் செல்வோர்க்கு அது சன்னல் ஓவியம். மகிழுந்தில் செல்வோர்க்குச் சுரங்கப் பாதைகளுக்கு இடைப்பட்ட வெளிச்சம். மிதிவண்டியின் விரைவிலோ, நாற்று நட நீர் கட்டிய வயலில் தவளைகளின் குரல் கேட்கும். சிவப்புத் துணி கழுத்தில் கட்டிய ஜிஸோ கற்சிலைகள் கண்ணில் படும். விற்பவர் இல்லாமல் காய்கறியும் காசுப்பெட்டியும் மட்டும் இருக்கும் வழியோரத் தட்டிகள் தெரியும். களை பறிக்கும் முதியவள் தலைநிமிர்ந்தால் வணங்காமல் கடக்க முடியாது. அந்த விரைவில் முகம் முகத்தைக் கண்டுவிடும். அறிந்தவர் அறியாதவர்க்கு வழிகாட்டுவதை நம் முன்னோர் ஆற்றுப்படை என்றனர். மொழி தெரியாத இளைஞருக்குக் கையசைத்தே வழிகாட்டிய அம்முதியோர், சொல்லற்ற ஆற்றுப்படை ஒன்றை நாள்தோறும் பாடினர் எனலாம்.

மாலை ஐந்து மணிப் பாட்டு

அம்முதியோரின் எண்ணிக்கைதான் குறைந்துகொண்டே வந்தது. குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபத்தைந்து அகவையைக் கடந்துவிட்ட ஊர்களை 'எல்லைநிலை ஊர்கள்' என்னும் பொருளில் ஜப்பானியச் சமூகவியல் 1990ஐ ஒட்டிய காலத்தில் பெயரிட்டு அழைக்கத் தொடங்கியது. நாட்டின் மக்கள்தொகை 2008இல் உச்சத்தை அடைந்து, பின் இறங்கலாயிற்று. 2023ஆம் ஆண்டின் வீட்டுக் கணக்கெடுப்பில் ஆளில்லா வீடுகள் ஏறத்தாழ 90 லட்சம். மொத்த வீடுகளில் நூற்றுக்குப் பதினான்குக்குச் சற்றுக் குறைவு.

ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில், 1973இல் அமெரிக்கரான அலெக்ஸ் கெர், கைவிடப்பட்ட கூரைவீடு ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்தார். மறையும் நாட்டுப்புறத்தைப் பற்றி அவர் ஜப்பானிய மொழியிலேயே எழுதிய நூல் 1994இல் ஷின்சோ பரிசு ஒன்றைப் பெற்றது. ஊர் விட்டுப்போனதை ஓர் அயலார் ஊராரின் மொழியில் ஊராருக்குச் சொல்ல நேர்ந்தது. அதே பகுதியில் நாகோரோ என்னும் சிற்றூர் உண்டு. இறந்தவர்க்கும் வெளியேறியவர்க்கும் ஈடாகத் துணிப் பொம்மைகள் அங்கே வயலிலும் பேருந்து நிறுத்தத்திலும் அமர்ந்திருக்கின்றன. 2012இல் மூடப்பட்ட பள்ளியின் வகுப்பறையிலும் பொம்மை மாணவர்கள் இருக்கின்றனர். தொலைவிலிருந்து மிதிவண்டியில் வருபவர் ஆள் என்றெண்ணிக் கையசைத்து, அருகில் வந்ததும் அமைதியாகிவிடுவார்.

பல ஊர்களில் மாலை வேளையில் பேரிடர் எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கிகள் ஒரு மெட்டை இசைக்கும். நாகமுரா உகோ எழுதி, குசாகாவா ஷின் இசையமைத்து 1923இல் வெளிவந்த 'யூயாகே கொயாகே' என்னும் சிறுவர் பாடலின் மெட்டே பல இடங்களில் ஒலிக்கிறது. ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும், விளையாடும் குழந்தைகளை வீடு திரும்பச் சொல்வதற்கும் அது பயன்படும். இன்று குழந்தை ஒன்றுகூட இல்லாத ஊரிலும் அந்த அழைப்பு தவறாமல் எழுகிறது. திரும்பி வர எவரும் இல்லை.

விடியலில் செல்லும் வண்டிகள்

1999ஆம் ஆண்டு மே முதல் நாள், ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை ஆறு தீவுகளைப் பாலங்களால் கோக்கும் ஷிமானாமி வழி நிறைவுற்றது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மிதிவண்டி வழி. சாலையோரம் தீட்டிய நீலக்கோடு வழிகாட்டும். எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே செல்லும் இவ்வழியை நாடி உலகெங்கிலுமிருந்து மிதிவண்டி ஆர்வலர் வருகின்றனர். எவரும் சீட்டுக் கேட்பதில்லை. உடல்நலமா, தாவர ஆராய்ச்சியா என்று வினவுவதில்லை. பத்து ரி எல்லைக்குள் அடைபட்டிருந்த யோகோஹாமாவாசிகளின் கனவு இங்கே நனவாயிற்று.

ஆனால் இதே கடற்கரையில் வேறு மிதிவண்டிகளும் ஓடுகின்றன. விடியற்காலையில் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆடைத் தொழிற்கூடங்களுக்கும் வரிசையாகச் செல்பவை அவை. மிதிப்பவர் வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்சு முதலிய நாடுகளின் இளைஞர். 1993இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின்கீழ் வந்த இத்தகையோர் 2023ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். ஆளில்லாத் தோட்டங்களிலும் சிப்பிக் கொட்டகைகளிலும் வேலை நடப்பது இவர்களால்தான். ஆயினும் அமர்த்திய இடத்தை விட்டு வேறிடம் மாற இத்திட்டம் பொதுவாக இடம் தரவில்லை. குடும்பத்தை அழைத்து வரவும் உரிமையில்லை. இக்குறைகள் குறித்த நெடுநாள் கண்டனங்களுக்குப் பின், 2024 ஜூனில் அதற்கு மாற்றான சட்டம் நிறைவேறியது. 2027இல் அது நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளது.

இவர்களுடைய சீட்டையும் இசபெல்லா பேர்ட்டின் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அன்று, பார்க்கலாம், ஆனால் தங்கக் கூடாது, தொழில் செய்யக் கூடாது என்றது விதி. இன்று, தொழில் செய்யலாம், ஆனால் இடம் மாறக் கூடாது, வேரூன்றக் கூடாது என்றது. இரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள்: இந்த மண்ணில் அயலார் எவ்வளவு தூரம் வரலாம்?

சுற்றிப் பார்க்க வந்தவரின் வண்டி விலை மிக்கது. பணிக்குச் செல்பவரின் வண்டி துருப்பிடித்த கூடையோடு கிறீச்சிடுவது. ஆயினும் ஊரின் எந்த மூலையில் நாய் குரைக்கும், எந்த மேட்டில் காற்று எதிர்க்கும், எந்த வீட்டு மூதாட்டி வாசலில் நின்று ஆரஞ்சுப் பழம் தருவாள் என்பதை அறிந்தவர் இரண்டாமவரே. நாட்டுப்புறத்தைக் கண்டறிதல் என்பது அதன் அழகைப் பார்த்துத் திரும்புவதா, அதன் பாரத்தைச் சுமந்து அங்கேயே நிற்பதா என்னும் வினாவை அவ்விரு வண்டிகளும் நம்முன் வைக்கின்றன.

ஷிதோமாயே வாயிலில் காவலர் பாஷோவை ஐயுற்றுப் பார்த்து முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவ்வாயில் இன்று இல்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு எழும் அந்த மெட்டு, வீடு திரும்பும் வேளை வந்துவிட்டது என்று இன்னமும் அழைக்கிறது. அந்நேரத்தில் வயல்வழியே வண்டி மிதித்துக் களைப்போடு வரும் அயல்நாட்டு இளைஞனுக்கும் அவ்வழைப்பு உரியதுதான் என்று அந்த ஊர்கள் ஏற்கும் நாளில், வழிமேல் நின்ற வினாக்களுள் கடைசி வினாவும் விலகிக்கொள்ளும்.